ரோபோவுக்கு ஆத்துமா இருக்கட்டும், இல்லாமப் போகட்டும்

இழை கொஞ்சம் நீளம். பொறுமை இருக்கிறவங்க படிங்க.

ரெண்டு வாரமா எனக்கு வாட்ஸ்அப்ல வர்ற பிரசங்க வீடியோ எல்லாத்துக்கும் ஒரே தலைப்பு: ஏஐ. வெளிப்படுத்தல் புத்தகத்துல வர்ற மிருகம் இதுதான், 666 முத்திரை இதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்குன்னு ஒருத்தர் கத்துறார். இன்னொருத்தர் கொஞ்சம் படிச்சவர். "ரோபோவுக்கு ஆத்துமா உண்டா? நாளைக்கு ஒரு ரோபோ வந்து ஞானஸ்நானம் கேட்டா கொடுக்கலாமா?"ன்னு ஒரு மணி நேரம் நிதானமா பேசுறார்.

666 பார்ட்டியை விட்டுடலாம். பார்கோடு வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க. ஆதாருக்கும் சொன்னாங்க, கொரோனா தடுப்பூசிக்கும் சொன்னாங்க. அடுத்து எது வந்தாலும் சொல்லுவாங்க.

என் சண்டை அந்த ரெண்டாவது ஆளோட. அவர் பேசுறது கேட்க நல்லா இருக்கு, புத்திசாலித்தனமா இருக்கு, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. எந்த ஆஸ்பத்திரி நிர்வாகியும் அதைக் கேட்டு நெளிய மாட்டார். எந்த மென்பொருள் கம்பெனியும் கவலைப்படாது. மெஷின் மனுஷன் மாதிரி ஆயிடுமான்னு நம்மளை அண்ணாந்து பார்க்க வச்சிருக்கார். இங்க கீழே, மனுஷனை மெஷின் மாதிரி அளந்து ஓரங்கட்டுற வேலை எப்பவோ ஆரம்பிச்சாச்சு. அதைப் பத்தி அவர் வாயே திறக்கல.

நான் பொது மருத்துவர். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்ல. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போற ஆள், அவ்வளவுதான். (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம்.) கிறிஸ்தவர் அல்லாதவங்களும் படிக்கலாம். நாளைக்கு நீங்க படுக்கப்போற கட்டிலைப் பத்தினதுதான் இது.

முதல்ல சிரிக்க வேண்டியதைச் சிரிச்சுடுவோம்.

2024-ல் சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகரத்துல ஒரு பழைய சிற்றாலயத்துல 'ஏஐ இயேசு'ன்னு ஒன்னை வச்சாங்க. எங்க வச்சாங்க தெரியுமா? பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள. நீங்க உள்ளே போய் முட்டி போட்டா, கம்பி வலைக்குப் பின்னாடி ஒரு திரையில தாடி வச்ச முகம் வந்து நூறு மொழி வரைக்கும் பேசும். நடத்தினவங்க இது பாவசங்கீர்த்தனம் இல்ல, சும்மா ஒரு சோதனைன்னு தெளிவாவே சொன்னாங்க. உள்ளே போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாங்க: உங்க சொந்த விஷயம் எதையும் இதுகிட்ட சொல்லாதீங்க. பாவசங்கீர்த்தனக் கூண்டு வாசல்ல இந்த அறிவிப்பு! இதுக்கு மேல நான் கிண்டல் பண்ண என்ன இருக்கு?

அதே வருஷம் ஏப்ரல்ல அமெரிக்காவுல 'கத்தோலிக் ஆன்சர்ஸ்'ங்கிற அமைப்பு 'ஃபாதர் ஜஸ்டின்'னு ஒரு ஏஐ பாதிரியாரை இறக்கினாங்க. அது தன்னை நிஜமான குருவானவர்னே சொல்லிக்கிச்சு. ஒருத்தருக்குப் பாவமன்னிப்பு கொடுத்துச்சு. அவசரத்துக்குக் கேட்டரேட் பானத்துல குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமான்னு கேட்டா சரின்னுச்சு. சில நாள்லயே அங்கியைக் கழட்டி வெறும் 'ஜஸ்டின்' ஆக்கிட்டாங்க. திருச்சபை வரலாற்றுலயே வேகமாப் பதவி பறிபோன குருவானவர் இவராத்தான் இருக்கணும்.

சிரிச்சாச்சு. ஆனா அந்தக் கூண்டுக்குள்ள போய் முட்டி போட்டவங்கள்ல நிறைய பேர் கண் கலங்கித்தான் வெளியே வந்திருப்பாங்கன்னு நான் நம்புறேன். தனிமை அப்படி. அதுக்குப் பிறகு வர்றேன்.

இப்ப அந்தப் படிச்ச போதகரோட கேள்விக்கு வருவோம். மனுஷன் கடவுளோட சாயல்ல படைக்கப்பட்டான்னு ஆதியாகமம் முதல் அதிகாரம் சொல்லுது. கிறிஸ்தவ மருத்துவ அறம், மனித உரிமைப் பேச்சு எல்லாத்துக்கும் அடித்தளமே இந்தத் 'தேவசாயல்'தான். ஆனா சாயல்னா என்ன? எதுல இருக்கு அந்தச் சாயல்? இரண்டாயிரம் வருஷமா இதுக்கு வேற வேற பதில் சொல்லிட்டு வர்றாங்க. நொரீன் ஹெர்ஸ்ஃபெல்டுன்னு ஒரு அமெரிக்க இறையியலாளர், கணினி அறிவியலும் படிச்சவங்க. அந்தப் பதில்களை 2002-லயே ஏஐ-யோட பக்கத்துல வச்சுப் பார்த்து ஒரு நூல் எழுதினாங்க.

முதல் பதில்: சாயல்னா பகுத்தறிவு. 6-ஆம் நூற்றாண்டுல போயேத்தியஸ்ங்கிற தத்துவவாதி 'ஆள்'ங்கிறதுக்குக் கொடுத்த வரையறையிலயே பகுத்தறிவு உட்கார்ந்திருக்கு. தாமஸ் அக்குவினாஸ் அதை எடுத்துக்கிட்டார். மேற்கத்திய இறையியல்ல இதுதான் ரொம்ப காலம் கொடி கட்டிப் பறந்துச்சு.

இதை வார்டுக்குக் கொண்டு வாங்க. மறதி நோய் முத்தின ஒரு ஆச்சி. பெத்த மகனைப் பார்த்து "நீங்க யாரு ஐயா?"ன்னு கேட்பாங்க. இன்னைக்கு என்ன கிழமை, எந்த ஊர்ல இருக்கோம், நூறுல ஏழு போனா எவ்வளவு, இப்படி 30 மார்க்குக்கு ஒரு சோதனை வச்சிருக்கோம். அந்த மாதிரி ஆச்சிக்கு 6 வரும், 4 வரும், சில நாள் ஒன்னுமே வராது.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் இதழ்ல கொஞ்சம் குறும்பா ஆய்வு போடும். 2024-ல் அதே வகை 30 மார்க் சோதனையை ஏஐ சாட்பாட்களுக்கு வச்சாங்க. சாட்ஜிபிடியோட அப்போதைய புது வடிவம் 26 வாங்கிச்சு. கூகுளோட பழைய ஜெமினி 16.

ஆச்சி 6, மெஷின் 26. சாயல் பகுத்தறிவுலதான் இருக்குன்னா, இந்த ரெண்டுல யாருகிட்ட கடவுளோட சாயல் அதிகம்? படிச்ச போதகர் இதுக்குப் பதில் சொல்லட்டும். மெஷினுக்கு ஆத்துமா உண்டான்னு ஒரு மணி நேரம் பேசுறவர், அதே அளவுகோல் ஆச்சி பக்கம் திரும்பினா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் பேசணும்ல?

ரெண்டாவது பதில்: சாயல்னா ஆளுகை. கடவுள் சார்பா பூமியைப் பராமரிக்கிற பொறுப்பு, வேலை. ஆச்சி இதுலயும் ஃபெயில். ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கிறவரும் ஃபெயில். வேலைன்னு பார்த்தா கிடங்குல பெட்டி அடுக்குற ரோபோ பாஸ்.

மூணாவது பதில்தான் கொஞ்சம் ஆழமானது. கார்ல் பார்த் மாதிரி 20-ஆம் நூற்றாண்டு இறையியலாளர்கள் சொன்னது: சாயல் என்பது ஒரு ஆளுக்குள்ள இருக்கிற சாமான் இல்ல, அது ஒரு உறவு. கடவுள் மனுஷனை 'நீ'ன்னு கூப்பிடுறார், அந்த அழைப்புலதான் சாயல் இருக்கு. இப்ப ஆச்சி பாஸ். அவங்க மகனை மறந்தாலும் கூப்பிட்டவர் அவங்களை மறக்கல.

ஆனா இங்கதான் அடுத்த திருப்பம். ஆன் ஃபோர்ஸ்ட்னு ஒரு ஜெர்மன் லூத்தரன் இறையியலாளர் 1990-கள்ல எம்ஐடி-யோட ஏஐ கூடத்துலயே போய் வேலை செஞ்சாங்க. அங்க கிஸ்மெட்னு ஒரு ரோபோ. வெறும் தலை, பெரிய கண்ணு, அசையுற காது. பேசினா சந்தோஷப்படுற மாதிரி முகம் காட்டும், விட்டுட்டுப் போனா வாடிடும். ஃபோர்ஸ்ட் கேட்டது: ஆள் என்கிற தகுதி நாம ஒருத்தரை நம்ம கூட்டத்துல சேர்த்துக்கிறதாலதான் வருதுன்னா, நாளைக்கு ஒரு ரோபோவை ஏன் சேர்த்துக்கக் கூடாது? மனுஷங்களையே நிறைய பேரை வெளியே தள்ளித்தானே பழகியிருக்கோம்?

நான் படிச்ச எதிர்வாதங்கள்லயே நேர்மையானது இது. பாதியை ஒத்துக்குறேன். யாரையும் வெளியே தள்ளக் கூடாதுங்கிற தவிப்பு சரி. ஆனா மருத்துவனா ஒன்னு கேட்பேன். கிஸ்மெட்டை ராத்திரி சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போனா யாருக்கு என்ன ஆச்சு? பிறந்து ரெண்டு நாள் ஆன குழந்தைக்கும் பேச்சு கிடையாது, அறிவு கிடையாது. ஆனா ராத்திரி முழுக்கப் பால் கொடுக்காம விட்டா காலையில சர்க்கரை இறங்கி வலிப்புகூட வரலாம். உறவுக்கு ரெண்டு முனை உண்டு. அந்த முனையில நோகுறதுக்கு ஒரு உயிர் இருக்கணும்.

கிறிஸ்தவம் இதுல ரொம்பப் பிடிவாதமான மதம். கடவுள் மனுஷனானார்னு சொல்றப்ப அறிவு எடுத்தார்னு அது சொல்லல, உடம்பு எடுத்தார்னு சொல்லுது. பசிச்சார், கிணத்தங்கரையில களைச்சு உட்கார்ந்தார், தாகம்னு கேட்டார், விலாவுல குத்தினப்ப ரத்தமும் தண்ணியும் வந்துச்சு. (மருத்துவக் கல்லூரியில இந்தக் கடைசி விஷயத்தை வச்சு பிளூரல் எஃப்யூஷன்னு விவாதம் பண்ணின ஆட்கள் நாங்க.) வார்த்தை உடம்பெடுத்ததுன்னு யோவான் எழுதுறார். சாட்பாட் என்பது உடம்பே இல்லாத வார்த்தை. நல்லா பேசும். நோகாது, களைக்காது, சாகாது. அதனால எனக்குப் பதிலா அதை ஒருத்தர் பக்கத்துல உட்கார வச்சா, அங்க யாரும் உட்காரலன்னுதான் அர்த்தம்.

"சரி டாக்டர், சாயல் எங்க இருந்தா எங்களுக்கு என்ன? இதனால யாருக்கு நஷ்டம்?"

சொல்றேன். இது இப்ப இந்தியக் கதை இல்ல, ஜெர்மனிக் கதை. ஆனா மருத்துவர்கள் எல்லாரோட கதை.

1939 கடைசியில ஜெர்மனியில மனநல விடுதிகளுக்கும் ஊனமுற்றோர் இல்லங்களுக்கும் ஒரு படிவம் வந்துச்சு. என்ன நோய்? எவ்வளவு வருஷமா இங்க இருக்கார்? பார்க்க யாராவது வர்றாங்களா? என்ன வேலை செய்ய முடியும்? நிரப்பின படிவம் மூணு மருத்துவ நிபுணர்களுக்குப் போகும். அவங்க நோயாளியைப் பார்க்க மாட்டாங்க. படிவத்தை மட்டும் பார்த்து ஓரத்துல ஒரு குறி போடுவாங்க. நீல நிறத்துல கழித்தல் குறின்னா உயிரோட இருக்கலாம். சிவப்பு நிறத்துல கூட்டல் குறின்னா சாம்பல் நிறப் பேருந்து வரும். 1941 ஆகஸ்டுக்குள்ள 70,000-க்கும் மேற்பட்டவங்களை விஷவாயு அறையில கொன்னாங்க. டி4 திட்டம்னு வரலாறு சொல்லுது. கம்ப்யூட்டர் இல்ல, ஏஐ இல்ல. பேனா, படிவம், என் தொழில்ல இருந்த ஆட்கள். திருச்சபைகள் நடத்தின இல்லங்கள்லயும் அந்தப் படிவங்கள் நிரப்பப்பட்டன. அதையும் சொல்லணும்.

1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் நகர ஆயர் வான் காலன் பிரசங்க மேடை ஏறினார். அவர் பேசினதோட சாரம்: ஓடாம நின்னுபோன பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடலாம், நொண்டிக் குதிரையை, பால் வத்தின மாட்டை என்ன செய்யுறதுன்னு யோசிக்கலாம், இவங்க மெஷினும் இல்ல, மாடும் இல்ல, நம்ம சகோதர சகோதரிகள், உற்பத்தி பண்ணாதவனைக் கொல்லலாம்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா, நமக்கெல்லாம் வயசானா என்ன கதி? அந்தப் பிரசங்கத்தை ரகசியமாப் பிரதி எடுத்து நாடு முழுக்கக் கொடுத்தாங்க. அந்த மாசக் கடைசியில திட்டத்தை அதிகாரபூர்வமா நிறுத்தினாங்க. ஆனா ஊசி போட்டும் பட்டினி போட்டும் கொலைகள் சத்தமில்லாம தொடர்ந்தன. காலனைப் புனிதப் பொம்மையாக்க நான் வரல. யூதர்களுக்காக இதே மாதிரி அவர் மேடையேறல. ஆனா அந்த ஒரு நாள் இறையியல் என்ன வேலை செய்யணுமோ அந்த வேலையைச் செஞ்சது. மனுஷனை மெஷின் கணக்குல எழுதாதேன்னு சொல்லிச்சு.

நிறுத்துங்க, "ஏஐ-யை நாஜின்னு சொல்றார்"னு கமெண்ட் டைப் பண்ணாதீங்க. நான் சொல்றது அது இல்ல. முகம் பார்க்காம, ஒரு தாள்ல இருக்கிற சில கட்டங்களை வச்சு ஒருத்தருக்கு என்ன கிடைக்கும்னு தீர்மானிக்கிற பழக்கம் மருத்துவத்துக்குப் புதுசு இல்ல. இப்ப அந்தப் பழக்கத்துக்கு நல்ல வேகமும், 'மெஷின் நடுநிலையானது'ங்கிற நல்ல பேரும் கிடைச்சிருக்கு. அதைத்தான் சொல்றேன்.

உதாரணம் வேணுமா? 2019-ல் சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பரவலாப் பயன்படுத்தின ஒரு நிரல். நாள்பட்ட நோயாளிகள்ல யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவைன்னு அதுதான் மார்க் போடும். இனம் என்னன்னு அது கேட்கவே இல்ல. அப்புறம் எப்படிப் பாகுபாடு வந்துச்சு? நோயோட தீவிரத்தை அளக்கிறது கஷ்டம், அதனால நோயாளிக்கு எவ்வளவு செலவு ஆகும்ங்கிறதை நோய்க்குப் பதிலா அளவா வச்சாங்க. ஏழைக் கறுப்பினத்தவர் ஆஸ்பத்திரிக்கு வர்றதே கம்மி, அவங்களுக்குச் செய்யுற செலவும் கம்மி. செலவு கம்மின்னா நோயும் கம்மின்னு நிரல் முடிவு பண்ணிச்சு. அதே மார்க் வாங்கின வெள்ளையரைவிட கறுப்பினத்தவர் அதிகமா நோயுற்றிருந்தாங்க. அளவை மாத்தினா, கூடுதல் கவனிப்பு கிடைக்கிறவங்கள்ல கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்துல இருந்து 46.5 ஆகும்னு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

யாரும் கெட்ட எண்ணத்தோட செய்யல. செலவுதான் நோய்னு எழுதின அந்த ஒரு வரியை யாரும் பார்க்கல, அவ்வளவுதான். சின்னவங்களுக்குச் செஞ்சதுதான் எனக்குச் செஞ்சதுன்னு மத்தேயு 25-ல் ஒரு தீர்ப்புக் காட்சி வருது. இந்த நிரல்ல யார் சின்னவங்க? இதுவரைக்கும் யாருக்கு யாரும் செலவு பண்ணலையோ அவங்க. அவங்களைத்தான் அது கழட்டி விட்டுச்சு. திருச்சபைக்கு ஏஐ பத்திப் பேச வேற தலைப்பே வேண்டாம், இது ஒன்னு போதும். ஆனா நம்ம ஆட்கள் ரோபோவுக்கு ஞானஸ்நானம் தண்ணி தெளிச்சா முழுக்கியான்னு பேசிட்டு இருக்காங்க.

நான் மெஷின் விரோதி இல்லைன்னு இங்க பதிவு பண்ணிடுறேன். சர்க்கரை நோயாளியோட விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கிற கூகுளோட நிரலை மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகள்கிட்டயே சோதிச்சாங்க. 2019-ல் முடிவு வந்துச்சு. படம் பார்த்துத் தரம் பிரிக்கிற மனுஷங்களுக்குச் சமமா, சில இடத்துல மேலாவே செஞ்சது. கண் டாக்டரே இல்லாத ஊர்ல இது வரம். இதைச் சாத்தான்னு சொல்ற போதகர் தன் அம்மாவுக்குக் கண் மங்கினா எங்க போவார்னு பார்க்கலாம்.

அதே வகை நிரலைத் தாய்லாந்து கிராமத்து கிளினிக்குகள்ல வச்சுப் பார்த்த அனுபவம் 2020-ல் வெளியாச்சு. ஆய்வுக்கூடத்துல நல்ல வெளிச்சத்துல எடுத்த படம் வேற, நெரிசலான கிளினிக்ல நர்ஸ் எடுக்கிற படம் வேற. ஐந்துல ஒரு பங்கு படங்களை 'தரம் போதாது'ன்னு நிரல் தள்ளிடுச்சு. தள்ளின ஆளு இன்னொரு நாள் இன்னொரு ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்கணும். அந்த நாள் கூலி போச்சு. பாதிப்பே இல்லைன்னு நர்ஸுக்குக் கண்ணாலயே தெரிஞ்ச படத்தையும் அது ஏத்துக்கல. மெஷின் தப்பு பண்ணினதா? இல்ல, அதுக்குச் சொன்னதைச் செஞ்சது. அந்தக் கிழவரோட ஒரு நாள் கூலி அதோட கணக்குலயே இல்ல. அந்தக் கணக்கைப் போட்டவங்க அங்க இருந்த நர்ஸுங்கதான்.

அடுத்து, பக்கத்துல உட்கார்றது.

2019 மார்ச்சுல கலிபோர்னியாவுல ஃப்ரீமான்ட் ஊர் ஆஸ்பத்திரி ஒன்னு. 78 வயசுக்காரர், நுரையீரல் கைவிட்டுடுச்சு. கூட பேத்தி. சக்கரம் வச்ச ஒரு ரோபோ அறைக்குள்ள உருண்டு வந்துச்சு. அதோட திரையில ஒரு டாக்டர். இனிமே வீட்டுக்குத் திரும்பறது கஷ்டம், வலி இல்லாம பார்த்துக்கிறதுதான் வழின்னு அந்தத் திரையில இருந்து சொன்னார். பெரியவருக்கு ஒரு காது கேட்காது. மெஷினால கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுத்திப் போக முடியல. தாத்தா சாகப் போறார்ங்கிறதை அந்தப் பேத்தியே திருப்பித் தாத்தா காதுல சொல்ல வேண்டியதாப் போச்சு. சில நாள்ல அவர் இறந்துட்டார். ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவிச்சது. முன்னாடி டாக்டர்கள் நேர்ல பார்த்திருக்காங்கன்னும் சொல்லிச்சு.

கவனிங்க, அதுல ஏஐ கிடையாது. திரையில இருந்தது எங்களை மாதிரி ஒரு நிஜ டாக்டர். அதுவே இப்படி நெஞ்சைக் கீறுதுன்னா, அந்த டாக்டரையும் எடுத்துட்டு வெறும் நிரலை வச்சா?

இயேசு குணமாக்கின கதைகள்ல எனக்கு எப்பவும் உறுத்துறது அந்தத் தொழுநோயாளிதான். மாற்கு முதல் அதிகாரம். தூரத்துல இருந்து ஒரு வார்த்தையில குணமாக்கின கதைகளும் சுவிசேஷத்துல இருக்கு, ஆக முடியாம இல்ல. ஆனா இந்த ஆளை, யாருமே தொடாத ஆளை, கையை நீட்டித் தொட்டார். சிகிச்சைக்கு அந்தத் தொடுதல் தேவையில்லை. அந்த ஆளுக்குத் தேவை. வார்டுல நாடி பிடிக்க மானிட்டர் இருக்கு. இருந்தும் பழைய டாக்டருங்க கையைப் பிடிச்சுத்தான் பேசுவாங்க.

இப்ப வலுவான எதிர்க்கேள்வி. "டாக்டர், அங்க ஆளே இல்லையே? முதியோர் இல்லத்துல ராத்திரி நாற்பது பேருக்கு ஒரு ஆயா. பேச யாருமே இல்லாத கிழவிக்கு ஒரு பேசுற பொம்மை கிடைச்சா உங்களுக்கு என்ன வலிக்குது?" லூசெர்ன் கூண்டுக்குள்ள முட்டி போட்டவங்களுக்கும் இதே நியாயம்தான்.

ஒன்னும் இல்லாததுக்கு ஏதோ ஒன்னு மேல்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனா 'ஆளே இல்ல'ங்கிறது மழை மாதிரி வானத்துல இருந்து விழுந்த விஷயமா? நாற்பது பேருக்கு ஒரு ஆயான்னு ஒருத்தர் எக்செல் ஷீட்ல முடிவு பண்ணினார். அவர் பேரு யாருக்கும் தெரியாது. பொம்மை வந்துட்டா அந்த முடிவை இனிமே யாரும் கேட்க மாட்டாங்க. ரெண்டாவது ஆயாவுக்கான பதவி நிரந்தரமாப் போச்சு.

இதை யார் சொன்னாலும் திருச்சபை சொல்லக் கூடாது. வேலூர் கதை நம்ம ஊர்ல தெரியாதவங்க இல்ல. பெண் மருத்துவர் இல்லாததால பிரசவத்துல பெண்கள் செத்துப்போனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் படிச்சுட்டு வந்தாங்க. 1900-ல் ஒரே ஒரு கட்டில் வச்சு ஆரம்பிச்சாங்க, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 'அங்க ஆளே இல்ல'ங்கிறதுக்கு அந்த அம்மா சொன்ன பதில், தானே அந்த ஆளாப் போய் நின்னது. அந்த மரபுல வந்தவங்க இன்னைக்குத் தங்களோட இல்லங்களுக்குப் பொம்மை டெண்டர் விட்டா எனக்குக் கோபம் வரும்.

கடைசியா, பொறுப்பு.

பிலாத்து கை கழுவின காட்சி எல்லாருக்கும் தெரியும். (நாங்களும் நாள் முழுக்கக் கை கழுவுறவங்கதான், ஆனா கழுவிட்டு நோயாளிகிட்ட போறோம்; அவர் கழுவிட்டு விலகினார்.) தீர்ப்பு அவர் வாயில இருந்துதான் வரணும். ஆனா ரத்தம் தன் மேல ஒட்டக் கூடாது. அதுக்கு ஒரு கிண்ணம் தண்ணி வேணும்.

இன்னைக்கு அந்தக் கிண்ணத்துக்குப் பேரு 'சிஸ்டம்'. காப்பீட்டுக்கு ஃபோன் போட்டு, சார் இவருக்கு இன்னும் மூணு நாள் ஐசியூ வேணும்னு கேட்கிறப்ப, எதிர்ல இருக்கிற பையன் பணிவாத்தான் சொல்றான்: "சார், சிஸ்டம் அப்ரூவ் பண்ணல சார்." யாரு அந்த சிஸ்டம்? அதுகிட்ட நான் பேசணும்னா நம்பர் கிடையாது. அமெரிக்காவுல 2023 நவம்பர்ல ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்து மேல வழக்கே போட்டாங்க; ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதியவங்களோட மறுவாழ்வுச் சிகிச்சையை, டாக்டர் வேணும்னு சொன்ன பிறகும், ஒரு கணிப்பு நிரலை வச்சு வெட்டினாங்கன்னு குற்றச்சாட்டு. அந்த நிரல் முடிவு எடுக்கிறதில்லன்னு நிறுவனம் மறுக்குது.

மெஷினால பாவம் செய்ய முடியாது. இதுதான் என் மொத்தப் புகாரும். பாவம் செய்ய முடியாததால அது மன்னிப்பும் கேட்க முடியாது, மனம் வருந்தவும் முடியாது, அடுத்த நோயாளிகிட்ட கை நடுங்கவும் நடுங்காது. அதனாலதான் கிண்ணமா இருக்க அது ரொம்ப வசதி. காயீன்கிட்ட உன் தம்பி எங்கேன்னு கேட்டப்ப அவன் மழுப்பினான். ஆனா கேள்வி போய்ச் சேர ஒரு ஆள் அங்க இருந்தான். இப்ப கேள்வி கேட்டா ஆளே இல்லாத இடத்துக்குப் போகுது.

வத்திக்கான் சும்மா இல்லைன்னும் சொல்லணும். 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்ட 'அந்திகுவா எத் நோவா' குறிப்பு இதையெல்லாம் தொடுது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவுல இருக்கிற உறவுக்குப் பதிலா மெஷினை வச்சா தனிமைதான் கூடும்னு எச்சரிக்குது. பழைய சங்கீதத்துல விக்கிரகங்களைக் கேலி பண்ணினது அதுகளுக்குப் பேச வராதுன்னுதான். இந்த விக்கிரகம் பேசுற மாதிரி இருக்கு, அதனால கூடுதல் மயக்கம்னும் சொல்லுது. 2025 மே மாசம் பொறுப்பேத்த போப் 14-ஆம் லியோ ரெண்டே நாள்ல, தொழிலாளர் பத்தி 1891-ல் சுற்றுமடல் எழுதின 13-ஆம் லியோவை நினைச்சுத்தான் இந்தப் பேரு, இப்ப ஏஐ ஒரு புதுத் தொழிற்புரட்சின்னு கர்தினால்கள்கிட்ட சொன்னார். நல்ல ஆரம்பம்.

ஆனா 2020 பிப்ரவரியில 'ஏஐ அறத்துக்கான ரோம் அழைப்பு'ன்னு ஒன்னு கையெழுத்தாச்சு. மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் எல்லாம் வந்து கையெழுத்துப் போட்டாங்க. வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, பாரபட்சமின்மைன்னு அழகான கொள்கைகள். அது ஒரு உறுதிமொழி, சட்டம் இல்ல. மீறினா என்ன தண்டனை? கையெழுத்தை ரத்து பண்ணுவாங்களா? கம்பெனிக்கு வத்திக்கான்ல எடுத்த ஃபோட்டோ கிடைச்சது. நோயாளிக்கு என்ன கிடைச்சது? இந்த இடத்துல மட்டும் நான் போதகர்களைவிட 666 பார்ட்டி மாதிரியே சந்தேகப் பேர்வழி.

இதைப் படிக்கிறவங்கள்ல மறைமாவட்ட ஆஸ்பத்திரி, டயோசிஸ் முதியோர் இல்லக் கமிட்டிகள்ல உட்கார்ற சிலர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த மீட்டிங்ல ஒரு தம்பி டை கட்டிக்கிட்டு ஸ்லைடு போட வருவார். ஆரம்ப ஜெபம் முடிஞ்சதும் அவரை நிறுத்தி, இந்த மெஷின் எதை நோய்னு அளக்குதுன்னு கேளுங்க, செலவையா, உடம்பையா? இது வந்த பிறகு எந்த ஆயா வேலை போகும்னு கேளுங்க. இது வேண்டாம், எனக்கு ஆள் வேணும்னு ஒரு ஆச்சி சொன்னா ராத்திரி 2 மணிக்கு யாரு வருவாங்கன்னு கேளுங்க. தப்பான முடிவு வந்தா அந்தக் குடும்பத்து முன்னாடி வந்து உட்காரப்போற மனுஷன் பேரைக் கேட்டு, மினிட்ஸ் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. பேருக்குப் பதிலா 'எங்க டீம் பார்த்துக்கும் சார்'னு பதில் வந்தா, பேனாவை மூடி வச்சிருங்க.